இறந்தவர் நேரில் வந்தாரா?

எண்பதுகளின் கடைசியில் பெட்டாலிங் ஜெயாவில் ஓர் ஆயுள் காப்புறுதி நிறுவனத்தில் நான் புரோகிராமர். என் பக்கத்து மேசை, கிள்ளானிலிருந்து பஸ் பிடித்து வரும் ஓர் அக்காவுடையது. என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். ஆனால் மேனேஜரே அவரிடம் யோசித்துத்தான் வாயைத் திறப்பார்.

புதிய சிஸ்டத்தில் மரண இழப்பீட்டுப் பகுதியைச் சோதிக்க யாராவது செத்தாக வேண்டும். சொந்தப் பெயரைப் போட எங்கள் யாருக்கும் துணிச்சல் இல்லை. 'ஏபிசி' என்று ஓர் ஆளை உண்டாக்கித் தினமும் சாகடித்துக்கொண்டிருந்தோம். பாவம், அவருக்காக யாரும் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை.

அக்கா தன் பெயரையே போட்டார். கழுத்தில் தாலியோடு உட்கார்ந்து, தான் இறந்த தேதியைத் தட்டினார். நான் பதறிப்போய்த் தடுத்தேன்.

"வேணாம்லா அக்கா, அபசகுனம்."

"ஏபிசி செத்தா யாரு தம்பி கவுண்டருக்கு வருவா? எனக்கு வீட்டுக்காரர் இருக்காருல்ல."

சொன்னபடியே சனிக்கிழமை கணவரைக் கூட்டி வந்துவிட்டார். பள்ளி ஆசிரியர், சாதுவான மனிதர். மனைவியை இழந்தவராக நடிக்க வேண்டும் என்றதும் வெட்கப்பட்டுச் சிரித்தார். பயிற்சிக்கு வந்திருந்த கவுண்டர் பெண், திரையில் வரும் கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"பாலிசி எடுத்தவங்க ஐசியோட நேர்ல வந்திருக்காங்களா, சார்?"

அவர் முகத்தில் சிரிப்பு செத்துவிட்டது. பின்னால் நின்ற மனைவியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"வரமாட்டாங்கம்மா" என்றார்.

அவள் 'இல்லை' என்று தட்டினாள். கம்ப்யூட்டர் அதோடு நின்றுவிட்டது. பாலிசி முதிர்ந்து, அடையாள அட்டையோடு பணம் வாங்க வருகிறவர்களிடம் கேட்கும் கேள்வி அது. அந்தப் புரோகிராமை அப்படியே எடுத்துத்தான் இதை எழுதியிருந்தோம். ஏபிசிக்கு நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு 'ஆம்' தட்டிப் பழகியிருந்தோம்.

புதிய சிஸ்டத்துக்குத் திங்கட்கிழமை திறப்பு விழா. அதுவரை 'ஆம்' என்றே தட்டட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார் மேனேஜர். சோதனைக்குப் பொறுப்பான அக்கா கையெழுத்துப் போடாமல் சிஸ்டம் ஓடாது. கையெழுத்து இல்லையென்றால் அக்காவுக்கு வேலையும் இருக்காது என்பதை மேனேஜர் சுற்றி வளைத்துச் சொன்னார்.

"புருஷனப் பறிகொடுத்துட்டு வர்ற பொம்பளகிட்ட இதக் கேட்கணுமா, சார்? நான் போடமாட்டேன். வேற ஆளப் பாருங்க."

சொல்லிவிட்டு அக்கா மேசைக்கு வந்து, அந்தப் பகுதியைத் திருத்த ஆரம்பித்துவிட்டார். நானும் கூட உட்கார்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை அக்கா மறுபடியும் செத்தார். கணவர் மறுபடியும் கவுண்டருக்கு வந்தார். கம்ப்யூட்டர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அதன் பிறகே கையெழுத்துப் போட்டார். விழாவில் அவர் பெயரை யாரும் சொல்லவில்லை. அவரோ கறிபாப் பலகாரம் நன்றாக இருக்கிறது என்று எனக்கு இன்னொன்று எடுத்து வந்தார்.

சில வருடங்கள் கழித்து, காப்பார் சாலையில் ஒரு லோரி மோதி என் அண்ணன் போய்விட்டார். அவர் பாலிசி எடுத்திருந்தது எங்கள் நிறுவனத்தில்தான்; அண்ணியை அதன் கிள்ளான் கிளைக்கு நான்தான் கூட்டிப்போனேன். கவுண்டர் பெண் மரணச் சான்றிதழைக் கேட்டாள். அண்ணியின் ஐசியைக் கேட்டாள். "ஒக்காருங்கக்கா" என்றாள்.

அண்ணன் நேரில் வந்தாரா என்று கேட்கவில்லை. அண்ணி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். பின்னால் நின்றிருந்த நான்தான் அழுதேன்.