நானே கழற்றிய ஏசி விசிறி

போன ஐப்பசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், சின்னமனூரில் எங்கள் வீட்டு வாசலில் நடந்தது இது. எங்கள் பழைய காரின் ஏசி விசிறி அடியோடு நின்றுபோயிருந்தது. மறுநாள் மேகமலையில் இருக்கும் மனைவியின் அக்கா வீட்டுக்குப் போக வேண்டும். மழையில் அந்த விசிறி ஓடாவிட்டால் முன்கண்ணாடி புகை மூடியதுபோல ஆகி, பாதையே தெரியாது.

வழக்கமாக எங்கள் காரைப் பார்ப்பவர் உத்தமபாளையத்தில் பட்டறை வைத்திருக்கும் பாய். இருபது வருடப் பழக்கம். ஆனால் ஐந்து மாதமாக எனக்கும் அவருக்கும் பேச்சில்லை. சித்திரையில் விசிறிக்குப் புது மோட்டார் மாட்டித் தந்தார். ஒரே மாதத்தில் அது கடகடவென்று சத்தம் போட்டது. நேரே போய், நாலு பேர் முன்னால், "பழைய மோட்டாரப் புதுசுன்னு என் தலையில கட்டிட்டீகளே பாய்!" என்று கத்திவிட்டேன்.

"வண்டிய இங்கன விட்டுட்டுப் போங்கண்ணே, பாக்குறேன்" என்றார். அவ்வளவுதான். நான் விடவில்லை. வீம்பாகத் திருப்பி ஓட்டி வந்துவிட்டேன். முன்கோபத்துக்கு எங்கள் வீட்டில் பஞ்சமே இல்லை.

அன்றும் வீம்பு குறையவில்லை. செல்போனில் வீடியோ பார்த்து நானே கழற்ற இறங்கினேன். டேஷ்போர்டுக்கு அடியில் தலை, தெருவில் கால்.

"பாய்க்கு ஒரு போன் போட்டா கொறஞ்சா போயிருவீக?" என்றாள் மனைவி. காதில் விழாததுபோல மூன்றாவது திருகாணியையும் கழற்றினேன். விசிறி நெஞ்சின் மேல் விழுந்தது. கூடவே ஏழெட்டு ஏலக்காய்! தோல் நைந்து, இறக்கைகளுக்கு இடையில் இன்னும் இரண்டு சிக்கியிருந்தன. கார் முழுக்க ஏலக்காய் வாசம்.

அந்த வாசம் என்னை எங்கோ கொண்டுபோய்விட்டது. மகள் சிறு பிள்ளையாக இருந்தபோது மலை வளைவுகளில் வாந்தி எடுப்பாள். அதற்காக மனைவி, கண்ணாடிக்குக் கீழே காற்று வரும் சந்தில் ஏலக்காயைத் தட்டி வைப்பாள். வாசத்தை மூக்கால் உறிஞ்சிக்கொண்டே, "இன்னும் எத்தன வளைவும்மா?" என்று மகள் கேட்டுக்கொண்டே வருவாள். இப்போது அவள் கல்யாணமாகிக் கடல் தாண்டி இருக்கிறாள். பின்சீட்டு காலி.

"இப்பவுமா வைக்கிற?" என்றேன்.

"மலைக்குன்னு கெளம்புனா கை தானா வைக்குது. என்ன செய்யச் சொல்றீக?" என்றவளின் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

மோட்டாரில் ஒரு குற்றமும் இல்லை. துடைத்து மாட்டினேன், ஜம்மென்று ஓடியது. அதே காரில் உத்தமபாளையம் போனேன். போகிற வழியெல்லாம், பாய் முகத்தில் எப்படி விழிப்பது என்ற யோசனைதான். பட்டறை வாசலில் இறங்கி, ஏலக்காயை உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். "விசிறிக்குள்ள இருந்துச்சு பாய்" என்றேன்.

பாய் பார்த்துவிட்டுச் சிரித்தார். "வருசா வருசம் சர்வீசுக்கு வரும்போது நாந்தாண்ணே எடுப்பேன். சித்திரையில மோட்டார் மாட்டுனப்பவும் எடுத்தேன். அதுக்கப்புறந்தான் நீங்க வண்டிய விடலையே."

"ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாமே பாய்?"

"சொன்னா வீட்ல அக்காவை ஏசுவீக. பாப்பாவுக்குன்னு வைக்கிறதுன்னு எனக்குத் தெரியும். சின்னதுல இங்கன வந்தப்ப பாப்பாதான் சொல்லுச்சு. எடுத்துப் போட எனக்கு எம்புட்டு நேரமாகப் போகுது?"

என் கோபத்திலிருந்து என் மனைவியைக் காப்பாற்ற இத்தனை வருடம் வாயை மூடியிருந்த மனிதரைத்தான் நான் நாலு பேர் முன்னால் ஏமாற்றுக்காரர் என்றேன். அதே பட்டறையில், வேலை செய்பவர்கள் காதில் விழும்படி மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கண்ணே, டீ சாப்பிடுவோம்" என்றார்.

மறுநாள் மலைக்குக் கிளம்பும்போது, ஏலக்காய் உள்ளே விழாதபடி அந்தச் சந்தில் ஒரு வலைத்துணியை ஒட்டி, இரண்டு ஏலக்காயை நானே தட்டி வைத்தேன். இப்போதும் யாரையாவது ஏச வாயெடுத்தால் அந்த வாசம் ஞாபகம் வந்துவிடுகிறது, பாதியில் நிறுத்திக்கொள்கிறேன்.