வெள்ளைக் கோட்டும் பிலோமியின் நகமும்

முதலில் மானம் போகிற விஷயத்தைச் சொல்லித் தொலைத்துவிடுகிறேன். ஒரு காலத்தில் என் இடது கைச் சுண்டுவிரல் நகத்தை ஓர் அங்குலம் வளர்த்து, வாதுமை எண்ணெய் தடவி, மெல்லிய துணி சுற்றிப் படுக்கவைத்தவன் நான். பெற்ற பிள்ளைகளைக்கூட அவ்வளவு பதமாகத் தூங்கவைத்ததில்லை.

சிரிக்காதீர்கள். அன்றைய பினாங்கில் கிராணி, அதாவது குமாஸ்தா, என்பதற்கு அதுதான் அடையாளம். மூட்டை தூக்குகிறவனுக்கு நீள நகம் நிற்காது, பேனா பிடிக்கிறவனுக்கு நிற்கும். கடற்கரைத் தெருவில் ஒரு கப்பல் கம்பெனியில் எனக்கு எழுத்து வேலை. டிராமில் போகும்போது சுண்டுவிரலை மட்டும் தனியே நீட்டிக் கம்பியைப் பிடித்துக்கொள்வேன்... பார்க்கிறவர்கள் பார்க்கட்டுமே!

அடையாளத்தின் மறுபாதி வெள்ளை டிரில் கோட்டு. தட்டினால் தகரம் போலச் சத்தம் வரவேண்டும். என்னிடம் இருந்ததோ இரண்டு. டோபி வருவது வாரத்துக்கு ஒருமுறை. ஆகவே தினமும் ஒரு கோட்டு என் மனைவி பிலோமியின் கைக்குப் போகும். சலவைச் சோடா கரைத்த வெந்நீர், அப்புறம் பச்சைத் தண்ணீர், நீலம், கஞ்சி, கரி போட்ட இஸ்திரிப்பெட்டி. புளித்த கஞ்சியும் சூடான துணியும் கலந்த அந்த வாடை இன்றும் என் மூக்கில் இருக்கிறது. அப்போது அதைக் கௌரவத்தின் வாசனை என்று நினைத்திருந்தேன்.

அந்த வருஷம் மாதா திருவிழாவுக்குச் சுரூபத்துக்குப் புதுப் பட்டு மேலாடை தைக்க முடிவானது. பிலோமி சிறுமியாகக் கன்னியர் மடத்தில் பூவேலை கற்றவள். மடத்து மதர் அவளையே கூப்பிட்டுப் பட்டைக் கொடுத்துவிட்டார். வான நீலம். ஓரமெல்லாம் லீலிப் பூ, ஜரிகையில்.

கட்டிலில் அதை விரித்துப்போட்டு, "கிட்ட வராதீங்க, முதல்ல கையைக் கழுவுங்க" என்று என்னை விரட்டினாள். கல்யாணத்தன்றுகூட அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் பார்க்கவில்லை. (மாப்பிள்ளை நானாயிற்றே... விடுங்கள்.)

சில நாளில் அறைக்குள்ளிருந்து 'சர்'ரென்று ஒரு சத்தம். பட்டு இழை அவள் நகத்தில் மாட்டிக்கொண்டு நெடுக இழுத்துவிட்டது.

அப்போதுதான் அவள் விரல்களைப் பார்த்தேன். நகத்து நுனிகள் வெங்காயச் சருகு மாதிரி ஏடு ஏடாகப் பிரிந்து கிடந்தன. இரண்டு விரலில் நெடுக்காகப் பிளவு வேறு.

பக்கத்து வீட்டு அன்னம்மா அக்கா வைத்தியத்துக்கு வந்துவிட்டார். "எலுமிச்சம்பழம் தேய்லா பிலோமி, கல்லு மாதிரி ஆயிடும்." தேய்த்தாள். நகம் இன்னும் உலர்ந்து இன்னும் உரிந்தது. "அப்ப பழம் சரியில்ல" என்றார் அக்கா. பழத்தின்மேல் பழி போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

காயத்துக்குக் கட்டுப் போடும் டிரெஸ்ஸர் ஒருவர், எனக்குத் தெரிந்தவர், ஆஸ்பத்திரியில் இருந்தார். போனதே என் சுண்டுவிரலைக் காட்டத்தான், பேச்சுவாக்கில் பிலோமியின் நகத்தையும் சொன்னேன்.

"நனையறது, காயறது, திரும்ப நனையறது... அதுலதான் அண்ணே பிரியுது. சோடாவும் சேர்ந்தா கேக்கவே வேணாம். ஒட்ட வெட்டிடச் சொல்லுங்க. நுனியை ஒரே பக்கமா ராவணும். கையைத் துடைச்சதும் தேங்காயெண்ணெய் தேய்க்கணும். பிரிஞ்சது ஒட்டாது, புது நகம் வளர்ந்துதான் வரணும். ஆமா, வீட்ல துணி யார் துவைக்கிறா?"

"அவதான்."

"யார் துணி?"

நான் கோட்டுப் பொத்தானைத் தடவினேன்.

"அப்ப மருந்தை நீங்க சாப்பிடணும் அண்ணே" என்றார்.

சாப்பிட்டேன். மறுநாளிலிருந்து என் கோட்டை நானே துவைத்தேன். முதல் வாரமே அருமைச் சுண்டுவிரல் நகம் பிளந்து முறிந்தது. "நகம் எங்கய்யா?" என்று ஆபீசில் பெரிய கிராணி கேட்டபோது, கதவில் மாட்டிக்கொண்டது என்றேன். வாதுமை எண்ணெய்க் குப்பியை பிலோமியிடம் கொடுத்தேன். வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு அலமாரியில் வைத்தாள். அதற்குப் பிறகு அவள் விரல்களை நேராகப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இரண்டு மூன்று மாதம் கழித்து, திருவிழாவுக்குச் சில வாரம் இருக்கையில் அவள் பட்டை மடித்துப் பழைய வேட்டியில் சுற்றினாள்.

"நகம் விடமாட்டேங்குதுங்க. மதர்கிட்டயே குடுத்திடறேன்."

ரோசம்மா என்பவள் அதைத் தைத்து முடித்தாள். தேர் எங்களைக் கடந்து போனபோது ஊரே மாதாவைப் பார்த்தது. நான் மேலாடை ஓரத்தைப் பார்த்தேன். முதல் சில பூக்கள் நெருக்கமாக இருந்தன, மற்றவை வேறு கை. பிலோமி என் பக்கத்தில் மெழுகுவர்த்தியோடு நின்றாள். தேர்ச் சக்கரம் கிறீச்சிடுகிறது என்று மட்டும் அவளிடம் சொன்னேன். எல்லோரையும் சிரிக்கவைக்கிறவன் என்று பெயர் வேறு!

அதன் பிறகு அவள் பட்டைத் தொட்டதில்லை.

இப்போது பினாங்கு ரோட்டுக் கடைகளில் சின்னக் குப்பியில் சிவப்பு நகச்சாயம் விற்கிறார்கள். டோபி வாரத்துக்கு இரண்டு முறை வருகிறார். சுண்டுவிரல் நகத்தை வைத்து யாரும் யாரையும் மதிப்பதில்லை. என் அலமாரியில் ஏழெட்டுக் கோட்டு தொங்குகிறது... ஆனால் கோட்டுகளை டோபிக்குப் போட எனக்குக் கட்டுப்படியாகிற காலம் வந்தபோது, அந்த லீலிப் பூக்கள் எப்போதோ வேறு கைக்குப் போய்விட்டிருந்தன. இத்தனை வருஷமாக அது நெஞ்சில் முள்ளாக நிற்கிறது.

இதுவரை எழுதியதைச் சற்று முன் பிலோமிக்கு வாசித்துக் காட்டினேன். இறால் உரித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"பட்டைத் திருப்பிக் குடுக்கறப்ப நகம் ஆறிப்போய்தாங்க இருந்துச்சு. அந்த மதர் ஒரே பூவைப் பிரி, பிரின்னு பிரிக்கச் சொல்லி உயிரை எடுத்தாங்க. நகம்னு சொன்னா யாரும் மறுபேச்சுப் பேசமாட்டாங்கல்ல?"

"அட பாவி! என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா கோட்டை யார் துவைக்கிறது?"