அம்பாசிடருக்கு ஒரு செட் பிளக் ஒயர்

ராயபுரத்தில் மாதா கோயில் வாசலுக்குப் பத்தடி முன்னால், கல்யாணப் பெண்ணோடு எங்கள் கார் நின்றுபோனது. பேண்டுக்காரர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். என் மகன் சாவியைத் திருகத் திருக வண்டி இருமியதே தவிரப் பற்றவில்லை. மாப்பிள்ளையின் மாமா ஜன்னல் வழியாகக் கையை விட்டு அவன் வாயிலேயே குத்தினார். இன்னொருவன் கதவை உதைத்தான். தகரம் உள்வாங்கிவிட்டது.

அது என் வீட்டுக்காரர் டாக்சி ஓட்டிய அம்பாசிடர். அவர் போனபிறகு எத்தனையோ பேர் கேட்டும் நான் விற்கவில்லை. வெள்ளை பெயின்ட் அடித்துக் கல்யாணத்துக்கு விடுகிறேன். பழைய கார் வேண்டுமென்றால் காலடிப்பேட்டையில் என்னைத்தான் தேடி வருவார்கள். எனக்குக் கையெழுத்துப் போட வரும், அதற்கு மேல் எழுத்து ஓடாது. ஆனால் பானெட்டைத் திறந்தால் எந்த ஒயர் எங்கே போகிறது என்று சொல்லிவிடுவேன்.

மகனுக்குத் துறைமுகத்தில் வேலை. கிரேனின் இரும்பு வடங்களுக்குக் கிரீஸ் பூசுகிறவன். கல்யாணம் வந்தால் கார் ஓட்டுவான். மறுநாள் உதடு வீங்கி வந்து நின்றான்.

"யம்மா, கடைசியா ஒரு தபா பிளக் ஒயர் மாத்தறேன். அப்பவும் ஓடலைன்னா சாத்தாங்காடு பழைய இரும்பு மார்க்கெட்டுக்கு இட்டுகினு போயி, கட்டர் வெச்சு துண்டு துண்டா அறுத்துப் போட்ருவேன்."

"வண்டி என் பேர்ல கீது. அறுக்க நீ யாருடா?"

"குத்து வாங்கனது எவன் வாயி? உன் வாயா?"

அவன் சொன்னால் செய்வான், அப்பன் புத்தி. நானும் ஏறி உட்கார்ந்தேன். வண்டி விக்கிக்கொண்டே தண்டையார்பேட்டை போய்ச் சேர்ந்தது.

அங்கே ஒரு பாய் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறார், முன்பு மாட்டிய ஒயரும் அவரிடம் வாங்கியதுதான். அவர் நிமிர்வதற்குள் மகன் அவர் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டான்.

"டூப்ளிகேட் மால வித்து ஊரான் கையால என் பல்ல பேத்துட்டியே பாய்!"

"கைய எடு தம்பி. அக்கா, உங்க புள்ளைய வாயால பேசச் சொல்லுங்க."

நான் அவன் முதுகில் ஒன்று போட்டு விலக்கினேன். "ஒயரு நான் எடுக்கறேன். நீ கம்முனு கெட."

பாய் முதலில் சிவப்பு ஒயர் ஒன்றைப் போட்டார், இப்போதைய கார்களுக்கு வருவது. அழகாக வழவழவென்று இருந்தது.

"உள்ள இன்னா கீது? வெட்டிக் காட்டு" என்றேன்.

"வெட்டினா வேற எவன் வாங்குவான்?"

"வெட்டாட்டி நானும் வாங்க மாட்டேன், உன் கடையிலயே தூங்கும்."

சிரித்துக்கொண்டே வெட்டினார். உள்ளே கரி ஏறிய நூல். பழைய வண்டிக்குச் செப்புதான் சரி, வேண்டாமென்று தள்ளினேன். அடுத்து ஒரு கறுப்பு ஒயர். வெட்டிய முனையில் செப்புக் கம்பிகள் மயிர்போல் விரிந்து நின்றன. மடித்துப் பார்த்தேன், ரப்பர் வெடிக்கவில்லை. ஒயர் முனையிலிருந்த ரப்பர் தொப்பியை ஒரு பிளக்கில் மாட்டி இழுத்தேன், இறுக்கமாக வந்தது. என் வீட்டுக்காரர் வாங்கியதும் இந்த மாதிரிதான். "இது" என்றேன்.

கடை வாசலிலேயே மகன் மாட்டினான். மாட்டியதும் டிக்கியிலிருந்து துறைமுகக் கிரீஸ் டப்பாவை எடுத்து, தொப்பியிலிருந்து ஒயர் முழுக்கக் கறுப்புக் கிரீஸை வழித்துப் பூசினான். எங்கள் பக்கம் கடல் காற்று எதையும் தின்றுவிடும். வாசல் கேட்டின் கீலானாலும் தையல் மிஷினானாலும் துறைமுகத்துக்காரன் வீட்டில் அந்தக் கிரீஸ்தான் பூசுவோம். முன்பு மாட்டிய ஒயருக்கும் இப்படித்தான் பூசியிருந்தான், எனக்கு அது தப்பாகத் தோன்றவில்லை.

வண்டியைக் கிளப்பினான். நடுங்கியது, இருமியது, பழையபடி விக்கிக்கொண்டே ஓடியது.

அவன் முகம் மாறியது. வீல் ஸ்பானரை எடுத்து பாயின் கண்ணாடிப் பெட்டியில் ஒரே அடி. சில்லு தெறித்து பாயின் காதைக் கிழித்தது. கடையாட்கள் இரண்டு பேர் பாய்ந்து வந்து அவனைக் கீழே தள்ளி மிதித்தார்கள். நான் ஒருவன் தலைமுடியைப் பிடித்து இழுத்தேன், அவன் முழங்கை என் நெஞ்சில் இடித்தது. அதற்குள் மகன் திமிறி எழுந்து, ஓடுகிற என்ஜினுக்குள் கையை விட்டான்.

"அறுத்துடறேண்டா எல்லாத்தையும்!"

ஒயரைத் தொட்டதும் யாரோ எட்டி உதைத்ததுபோல் பின்னால் விழுந்தான். மண்டை பானெட் விளிம்பில் பட்டு ரத்தம் கொட்டியது.

யாரும் அவனைத் தொடவில்லை. பாய் காதைப் பொத்திக்கொண்டு என்ஜின் மேல் குனிந்தார். பானெட்டின் நிழலில், கிரீஸ் மேலேயே நீலப் பொறி ஊர்ந்துகொண்டிருந்தது.

"புது ஒயரு. உறை மேல தொட்டா எப்பிடிடா ஷாக் அடிக்கும்?" என்று சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தார். கிரீஸைத் தொட்டு இரண்டு விரலால் தேய்த்தார். "பென்சில் கரி கலந்த கிரீஸு, இதுல கரண்டு பாயும். இத்த வடத்துக்குப் பூசுவாங்க, ஒயருக்கா பூசுவாங்க? கரண்டு பிளக்குக்குப் போவாம மேலயே ஓடி என்ஜின்ல எறங்குது. எம் மாலு டூப்ளிகேட்டா?"

பெட்ரோலில் நனைத்த துணியால் ஒவ்வொரு ஒயரையும் தொப்பியையும் நானே துடைத்தேன். சாவியைத் திருகியதும் வண்டி ஒரே சீராகப் பிடித்துக்கொண்டது.

மகன் எழுந்து பாய் எதிரில் போய் நின்றான். நெற்றி ரத்தம் கண்ணில் இறங்கியது.

"பாய், அடி."

பாய் என் முகத்தைப் பார்த்தார். நான் நகர்ந்து வழிவிட்டேன். விட்டார் ஒரு அறை. சத்தம் தெரு முனை வரை கேட்டிருக்கும். அவன் தள்ளாடினான், கையை ஓங்கவில்லை.

"கண்ணாடி போட்டுத் தந்துட்டு டீ குடிக்க வாடா" என்றார் பாய்.

என் முந்தானையைக் கிழித்து மகன் தலையில் கட்டினேன். அப்புறம் கல்யாணப் பெண்கள் உட்காரும் பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினேன்.

"வூட்டுக்கு வுடுடா" என்றேன்.