‘கோயிங்’ சொல்ல மறுத்த பிள்ளை

ஒரே சத்தத்தில் இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு மனிதரைக் குழப்புகிற ஆங்கிலத்தால்தான் என் வீட்டு அடுப்பு எரிகிறது. நல்லூரில் ஒரு கடைக்கு மேல்மாடியில், வெளிநாடு போகக் காத்திருப்பவர்களுக்கு ஆங்கிலம் பேசப் படிப்பிக்கிறேன். யாரையாவது சோதனைக்கு அனுப்பிவிட்டு வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருந்தவர்களுக்கு என் நிலை சொல்லாமலே விளங்கும்.

இரண்டு கண் காணாது

கடலும் ‘சீ’, பார்ப்பதும் ‘சீ’. "பாக்கிறதுக்கு ரெண்டு கண் வேணும். அதாலை அந்தச் ‘சீ’யிலை ‘ஈ’ எழுத்து ரெண்டு. கடலுக்கு ஒண்டுதான்" என்று பலகையில் எழுதிக் காட்டினேன். குருநகரில் மீன்பிடிக்கிற அன்ரனி அண்ணை, கப்பல் வேலைக்காகப் படிக்க வந்தவர், பலகையை முறைத்துப் பார்த்தார். சிரிப்பே இல்லை.

"கடலைப் பாக்கிறதுக்கு ரெண்டு கண் காணாது, ரீச்சர்!"

உருண்டை ‘ஓ’

என்னிடம் படிக்கிற தர்சினி, பண்டத்தரிப்பு ஊர்ப் பிள்ளை. கல்யாணம் முடிந்ததும் கணவன் லண்டனுக்குத் திரும்பிவிட்டான். பின்னால் போவதென்றால் அவள் ஆங்கிலச் சோதனையில் தேற வேண்டும். ஒருமுறை தவறிவிட்டாள். இப்போது வயிற்றில் பிள்ளை. இந்த முறையும் தவறினால், அடுத்த முறைக்குள் வயிறு பெருத்துவிடும், விமானம் ஏற விடமாட்டார்கள். பிள்ளை தகப்பன் பக்கத்தில் இல்லாமல் இங்கேதான் பிறக்கும். இது தெரிந்த நாளிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எனக்கும்தான்.

சிரிக்க வைக்கலாமென்று மகனையும் சூரியனையும் எடுத்தேன். இரண்டும் ‘சன்’. "நடுவிலை ‘ஓ’ வந்தால் மகன். பாருங்கோ, வயிறு மாதிரி உருண்டை. ‘யு’ வந்தால் சூரியன். வானத்தைப் பாத்துத் திறந்து கிடக்கு" என்றேன். வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள், பிறகு கண் கலங்கினாள்.

"இந்த ‘ஓ’வுக்குத் தேப்பன்ரை முகத்தை எப்ப காட்டுறது, ரீச்சர்?"

எந்தப் பாஷையிலும் கூடாது

தர்சினியோடு அவளுடைய மாமியும் வருவார். லண்டன்காரனின் தாய். அவருக்கு ஒரே மகன். கதவடியில், குடையை மடியில் வைத்தபடி ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருப்பார். கடைசி வகுப்பில் நான் சோதனை எடுக்கிறவளாக நடித்து, எப்போது லண்டன் போகிறாய் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். ‘ஐ ஆம் கோயிங்’ என்று தொடங்க வேண்டும். தர்சினி மாமியைப் பார்த்தாள். பிறகு மெல்லமாக, ‘ஐ கோ அண்ட் கம்’ என்றாள்.

எங்கள் ஊரில் வாசற்படலை தாண்டுகிற எவரும் ‘போறன்’ என்று சொல்வதில்லை. ‘போட்டு வாறன்’ என்றுதான் சொல்வார்கள். எனக்கு அது தெரியாதா? ஆனால் புருஷனோடு குடியிருக்கப் போகிறவள் போய்த் திரும்பி வருவேன் என்றால், மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் என்ன நினைப்பார்? எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இது இங்கிலிஷ் அம்மா, இதிலை சகுனம் கிடையாது" என்று மாமியிடம் சத்தம் போட்டேன். அவர் அசையவில்லை.

"பிள்ளைத்தாச்சி வாயாலை ‘போறன்’ எண்டு எந்தப் பாஷையிலையும் சொல்லக்கூடாது, ரீச்சர்."

பின்னேரம் வந்த அழைப்பு

சோதனை கொழும்பில். தர்சினி தமையனோடு போயிருந்தாள். முடிவை அன்றைக்கே சொல்லிவிடுவார்கள். மாமி மத்தியானமே வந்து கதவடியில் இருந்துவிட்டார். மாவுக்கு எந்த ‘ஃபிளவர்’, பூவுக்கு எந்த ‘ஃபிளவர்’ என்று மற்றவர்களுக்குச் சொல்லத் தொடங்கி, நானே இரண்டையும் மாற்றிச் சொன்னேன். தொலைபேசி அடித்தது. மாமிக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டினேன்.

"சோதனை எடுத்தவ, எப்ப போறாய் எண்டு கேட்டவா, ரீச்சர். எனக்கு அந்தச் சொல் வாயிலை வரேல்லை. ‘கோ அண்ட் கம்’ எண்டு சொல்லிப்போட்டன்" என்றாள் தர்சினி. "ஏன் திரும்பி வாறாய் எண்டு கேட்டா. பாடமாக்கினது எல்லாம் மறந்துபோச்சு. எங்கடை வீட்டிலை ‘போறன்’ எண்டு சொன்னால் திரும்பி வராயினம், மாமி தனிய இருக்கிறா, அதாலைதான் சொல்லேல்லை எண்டு தெரிஞ்ச இங்கிலிஷிலை சொன்னன். பிறகு முழுக்க மாமியைப் பற்றித்தான் கேட்டா. நானும் கதைச்சுக்கொண்டே இருந்தன். பாஸ், ரீச்சர்!"

வகுப்பு கைதட்டியது. நான் ஓடிப்போய் மாமியின் கையைப் பிடித்தேன். கை குளிர்ந்துபோயிருந்தது. பேரப்பிள்ளை பிறக்கும்போது தகப்பன் பக்கத்தில் இருப்பான், சந்தோஷப்படுங்கோ என்றேன். அவர் சந்தோஷப்பட்டார்தான். ஆனால் கண்ணைத் துடைக்க முந்தானை போதவில்லை.

"அந்தச் சொல்லைச் சொல்லாட்டிலும் பிள்ளை போகத்தானே போகுது, ரீச்சர்."

சரியாகப் படிப்பிக்காவிட்டால் ஊர் என்னை ஏசும், சரியாகப் படிப்பித்தால் யாரோ ஒருவருடைய வீடு வெறிச்சோடும், இதுதான் நான் செய்கிற தொழில்.