ஏழரை மில்லி

மலேசியாவில், கிள்ளானில் உள்ள ஒரு லேபிள் அச்சகத்தில் கமலநாதன் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவர். வாடிக்கையாளர் அனுப்புவதைக் கணினியில் சரிபார்த்து, அச்சுக்குத் தயார் செய்து கொடுப்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை, களைக்கொல்லி போத்தலுக்கான லேபிள் வாட்ஸ்அப்பில் வந்தது. எழுத்துகள் எழுத்துருவாக வரவில்லை. முழு லேபிளும் ஒரே படம். எழுத்தெல்லாம் வெளிர் சாம்பல். அது தொல்லை என்று அவருக்குத் தெரியும். எழுத்துருவாக இருந்தால் ஒவ்வொரு எழுத்தின் விளிம்பும் இயந்திரத்துக்குப் பிடிபடும். படத்தில் அதற்கு எழுத்தும் இல்லை, எண்ணும் இல்லை, நிறம் மட்டும்தான். அடர்ந்த இடத்தில் பெரிய புள்ளி, வெளிறிய இடத்தில் சின்னப் புள்ளி என்று உடைத்துப் போட்டுவிடும்.

"பாஸ், இத நான் திரும்ப டைப் பண்ணிடறேன். ரெண்டு மணி நேரம் குடுங்க."

"நாலு மணிக்கு லோரி வருது லா," என்றார் முதலாளி பழனியப்பன். "கஸ்டமர் ஓகே சொல்லிட்டான். அப்படியே போடு."

அச்சடிக்கலாம் என்று கமலநாதன் மாதிரித் தாளில் கையெழுத்துப் போட்டார்.

தெளிப்புப் பம்பு ஒன்றின் தண்ணீருக்கு 7.5 மில்லி என்பதுதான் அளவு. அச்சில் அந்தத் தசமப் புள்ளி மற்றப் புள்ளிகளோடு கரைந்துபோனது. போத்தலில் 75 என்று இருந்தது.

பந்திங் பக்கம் பாமாயில் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில், மருந்தடிக்கும் பவுனம்மாள் அதைப் படித்து மருந்து கலந்தார். முதுகில் மாட்டிய பம்பு ஒழுகியது. தோல் வெந்து, மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குப் போனவர் பதினோராம் நாள் இறந்தார். வயது நாற்பத்தாறு.

விசாரணைக்கு ஆள் வருவதற்கு முன் பழனியப்பன் கூப்பிட்டார்.

"ஒரிஜினல்லயே புள்ளி இல்லன்னு சொல்லு. ஃபைல அழிச்சிடு."

"புள்ளி இருந்துச்சு பாஸ்."

"பேப்பர்ல இருக்கிறது உன் சைன். யோசிச்சிக்க."

கமலநாதன் அந்தப் படத்தை அதிகாரிகளிடம் கொடுத்தார். தான் கையெழுத்திட்டதையும் சொன்னார். அந்த வாரமே வேலை போயிற்று. இறந்தவர் கையுறை போடவில்லை என்று அறிக்கை முடிந்தது. லேபிளைப் பற்றி அதில் ஒரே ஒரு வரி. யார் மீதும் வழக்கு இல்லை.

பிறகு அவர் பஸ் பிடித்து பந்திங்குக்குப் போனார். தான் யார் என்று அவர் சொன்னதும், பவுனம்மாளின் மகள் வாணி வாசலிலேயே நின்று கேட்டாள்.

"அச்சடிச்சி வந்ததும் நீங்க பாக்கலயா அங்கிள்?"

"பாக்கல மா. பாக்கிறதுதான் என் வேலை."

"அம்மா கண்ணாடி போட்டு ரெண்டு தடவ படிச்சாங்களாம். கூட வேலை செஞ்சவங்க சொன்னாங்க."

அவள் திட்டவில்லை. உள்ளே வரச் சொல்லவும் இல்லை. கமலநாதன் பஸ் ஏறத் திரும்பினார்.

இப்போது பூச்சோங்கில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிறார். காய்ச்சல் மருந்து வாங்கினால்கூட அளவைத் தானே படிப்பதில்லை, மனைவியிடம் நீட்டுகிறார். மனைவி படித்துச் சொன்ன பிறகு, இன்னொரு தடவை படிக்கச் சொல்கிறார்.