வாழைப்பூவில் இறால்

அக்கா தூத்துக்குடியிலிருந்து வந்ததே நடப்பதற்குத்தான். தமிழில் வந்த வங்காள நாவல்களைப் பள்ளிக்கூட நாளிலிருந்தே வாசித்துத் தீர்த்தவள். கொல்கத்தாவில், ஜாதவ்பூரில் என் வீட்டில் பெட்டியை வைத்ததும், "அந்தக் கதையெல்லாம் நடந்த சந்துகளைக் காட்டுட்டி" என்றாள். மற்றவர்கள் வந்தால் காளிகாட் கோயிலைக் கேட்பார்கள். இவள் ஒரு தினுசு.

மறுநாள் காலை வடக்குக் கொல்கத்தாவில் இறங்கினோம். பழைய அச்சகங்கள், எழுத்தாளர்கள் குடியிருந்த வீடுகள், நடைபாதைப் புத்தகக் கடைகள் என்று ஒன்றையும் விடவில்லை. பச்சை ஜன்னலைக் கண்டால் போதும், "இங்கதான் அவ நின்னிருப்பா" என்பாள். எவள் என்று கேட்டால் முறைப்பாள். வெயில் ஏற ஏற எனக்கு எரிச்சலும் ஏறியது. போதும் தாயே என்று ஒரு வங்காளச் சாப்பாட்டுக் கடைக்குள் இழுத்துப் போனேன்.

அக்காவுக்கு இறால் ஆகாது. கடற்கரை ஊரில் பிறந்தும் ஆகாது. சின்ன வயதில் ஒருமுறை தொண்டை வீங்கி, மூச்சடைத்து, பிழைத்ததே பெரும்பாடு. "நான் வர்ற வரைக்கும் எதையும் தொடாத" என்று சொல்லிவிட்டுத்தான் கை கழுவப் போனேன்.

திரும்பி வந்தால், பக்கத்து மேசையைக் கைகாட்டி ஒரு கிண்ணம் வாங்கிப் பிசைந்து தின்றுகொண்டிருக்கிறாள். வாழைப்பூ. இங்கே பல வீடுகளில், கடைகளில் அதைப் பொடி இறால் போட்டுத்தான் சமைப்பார்கள். கிண்ணத்தின் ஓரத்தில் ஒன்று சுருண்டு கிடந்தது.

"துப்பு!" என்று கத்தினேன்.

"ஏட்டி, வாழைப்பூல என்ன இருந்துரப் போகுது?" என்று சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் உதடு தடித்தது. கழுத்தைச் சொறிந்தாள். சிரிப்பு நின்றது.

ஆஸ்பத்திரி பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் தெருவில் டாக்சி எதுவும் நகரவில்லை. அவள் இடுப்பில் கை கொடுத்து நடத்திக்கொண்டு போனேன். பயத்தில் எனக்கு வாய் நிற்கவில்லை. "சொன்னாக் கேக்கியா நீ? நாவல் படிச்சா ஊரே தெரிஞ்சுருமா? நாக்கை அடக்க முடியாதா?" என்று தெருவெல்லாம் கேட்கத் திட்டினேன். நான் ஒன்று சொன்னால் ஒன்பது சொல்லுகிறவள் அவள். இப்போது மூச்சு மட்டும் விசில் அடித்தது. திட்டுவதை விட்டு, அவளைத் தூக்காத குறையாக ஆஸ்பத்திரிக்குள் இழுத்துக்கொண்டு ஓடினேன்.

தொடையில் ஊசி போட்டார்கள், முகத்தில் ஆக்சிஜன் வைத்தார்கள். டாக்டர் வங்க மொழியில் என்னென்னவோ கேட்டார். இந்த ஊரில் இருபது வருஷம் பேசிய பாஷை, ஒரு வார்த்தை எனக்குப் புரியவில்லை. அவள் கையைப் பிடித்தபடி உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். வீக்கம் வடிகிறதா, இல்லையா? சொல்லத் தெரியவில்லை. அவள் வாயிலிருந்து ஒரு வசவாவது வராதா என்று ஏங்கினேன்.

வெகுநேரம் கழித்து ஆக்சிஜன் முகமூடியைத் தானே விலக்கினாள்.

"கையை விடுட்டி. வலிக்கு."

கரகரத்த குரல்தான். நான் விடவில்லை, சத்தம் போட்டு அழுதேன்.