மருத்துநீர் வைத்துவிட்டுப் போன செர்ரிப் பயணம்

என் மனைவி கௌரி பாரிஸில் ஒரு ஜப்பானிய அலுவலகத்தைப் பன்னிரண்டு வருடமாகத் துப்புரவு செய்கிறாள். அங்கே சுவரில் ஒரு கலண்டர். எந்த வருடமானாலும் ஏப்ரல் தாளில் செர்ரி மரமும் பின்னால் பனிமலையும்தான். "ஒருக்கா நேரிலை பாக்கவேணும்" என்று அவள் சொல்லத் தொடங்கியே பத்து வருடம் இருக்கும். இந்த ஏப்ரலில்தான் இருவருக்கும் சேர்ந்தாற்போல் ஒன்பது நாள் லீவு கிடைத்தது.

மாதத் தொடக்கத்திலேயே போகவேண்டும் என்றாள். நான் விடவில்லை. மூலிகை அவித்த மருத்துநீரைத் தலையில் வைத்து முழுகி, கோயிலுக்குப் போய், பெரியவர்கள் கையால் கைவிசேஷக் காசு வாங்காமல் வருடப்பிறப்பை எப்படி விடுவது? பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் பஞ்சாங்கம் வாங்கி, அட்டமி நவமி தள்ளி, வருடப்பிறப்புக்கு மூன்றாம் நாள் டிக்கெட் போட்டேன். ஆளுக்கு 840 யூரோ.

பாரிஸின் கார் து நோர் நிலையத்தில் காலை 8.10க்கு விமான நிலைய ரயில், 13 யூரோ. விமானம் பதினான்கு மணி நேரம். டோக்கியோவின் ஷின்ஜுகு நிலையத்திலிருந்து பனிமலைகளின் அடிவாரத்திலுள்ள மட்சுமோட்டோவுக்கு விரைவு ரயில், இரண்டே முக்கால் மணி, 6,620 யென். ஜன்னலுக்கு வெளியே எல்லா மரமும் பச்சை. "மலைப்பக்கம் பூ இருக்கும்" என்றேன், எனக்கே நம்பிக்கை இல்லாமல்.

மட்சுமோட்டோ கோட்டை அகழித் தண்ணீரில் பழுப்பேறிய இதழ்கள் மிதந்தன. "இலையும் வடிவாத்தான் இருக்கு" என்றாள் கௌரி. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பத்து வருட ஆசையை ஒரு பஞ்சாங்கத்தால் கெடுத்துவிட்டேனே என்று வெட்கமாக இருந்தது.

விடுதிக்காரப் பெண்மணி கைபேசியில் பேச, அது மொழிபெயர்த்துப் பிரெஞ்சில் கேட்டது: "ஏன் இவ்வளவு பிந்தி வந்தீர்கள்?" மருத்துநீரை விளக்க என் பிரெஞ்சு போதாது. நல்ல நாள் பார்த்தோம் என்றேன். அவர் சிரிக்கவில்லை. "எங்கள் கலண்டரிலும் நல்ல நாள், கெட்ட நாள் உண்டு. மரம் அதைப் பார்ப்பதில்லை. ஓமாச்சிக்குப் போங்கள், அங்கே குளிர் அதிகம், பூ பிந்தும்" என்றார்.

மறுநாள் காலை இரண்டு பெட்டி ரயிலில் ஒரு மணி நேரம், 680 யென். இறங்கி மலைப்பக்கமாக நாற்பது நிமிடம் நடந்தோம். நடவுக்குக் காத்திருந்த வயலின் ஓரத்தில் ஒற்றை மரம், இலையே தெரியாமல் பூத்து நின்றது. பின்னால் பனிமலை. கௌரி அப்படியே நின்றுவிட்டாள்.

"படம் எடுக்கட்டே?" என்றேன்.

"கொஞ்சம் பேசாமல் நில்லுங்கோ."

நின்றேன். பிறகு வரம்பில் உட்கார்ந்து, கடையில் வாங்கிய சோற்று உருண்டையை லாச்சப்பல் தேசிக்காய் ஊறுகாயோடு சாப்பிட்டோம். இரண்டு மணி நேரம் அவள் எழும்பவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: பஞ்சாங்கத்தை வீட்டில் வைத்துவிட்டு, இணையத்தில் வரும் பூ முன்னறிவிப்பைப் பாருங்கள். பிந்திப் போனால் உயரமான ஊருக்கு ஏறுங்கள். பிரெஞ்சுக் கடவுச்சீட்டுக்கு விசா தேவைப்படவில்லை. அகதிப் பயணப் பத்திரம் வைத்திருப்பவர்கள் முதலில் தூதரகத்தில் கேளுங்கள். ஏப்ரலிலும் தடித்த ஜக்கெட் வேண்டும்.

போன கிழமை வேலையால் வந்த கௌரி சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "மே பிறந்திட்டுது. அங்கை கலண்டர் இன்னும் ஏப்ரலிலைதான் நிக்குது. ஒருத்தரும் திருப்பேல்லை. நானும் திருப்பேல்லை."